அறிவு வேட்கையும் அயலார் உயிரும்

அறியாமையின் நீங்கி அறிவு பெறுதல் மக்கட்பிறப்பின் சிறந்த பயன்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும், அறிவு தேடும் முயற்சியால் விளையும் இடர், தேடுவோனோடு நில்லாது, அம்முயற்சியைக் கனவிலும் அறியாத பிறரையும் சென்று பற்றுமாயின், அவ்விடரை அவர்மேல் ஏற்றுதற்கு அவனுக்கு உரிமை உண்டோ என்பது ஆராயற்பாலது. கொடுநோய் விளைக்கும் வைரஸ்களை ஆராய்ச்சிச்சாலைகளில் வளர்த்து ஆராயும் இந்நாளில் இவ்வினா உயிர்களைப் பற்றியதாகின்றது.

இயற்கையாய் எழுந்த பெரியம்மையின் இறுதி நோயாளி 1977-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சோமாலியா நாட்டிற் காணப்பட்டுப் பிழைத்தெழுந்தார். அந்நோய் உலகைவிட்டு ஒழிந்ததென மக்கள் மகிழவிருந்த நிலையில், 1978-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து மருத்துவப் பள்ளியில் நிழற்படம் எடுக்கும் தொழில் புரிந்த ஜானட் பார்க்கர் என்னும் அம்மையார் நோயுற்றார். அவர் பணிபுரிந்த இடத்திற்குக் கீழ்த்தளத்தில் பெரியம்மை வைரஸ் ஆராய்ச்சி நடைபெற்று வந்தது. அதில் அவர்க்கு யாதொரு பங்கும் இல்லை. செப்டம்பர் 11-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அதற்குள் அவர் தந்தையார் இதயம் நின்று இறந்தார்; ஆராய்ச்சித் தலைவராகிய பேராசிரியர் பெட்சன் என்பார் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தாயார் அந்நோய் கண்டும் பிழைத்தார்.

வைரஸ் மேற்றளத்தை அடைந்த வழி ஐயமறத் துணியப்படவில்லை. பல்கலைக்கழகத்தின்மேற் சாட்டப்பட்ட குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1979-இல் நீதிமன்றம் அதனை விடுவித்தது. நீதிமன்றத்தில் வழக்கு அவ்வளவில் முடிந்தது, அறத்தின்கண் முடிந்ததில்லை. என்னை? அதே மருத்துவப் பள்ளியில் 1966-இலேயே நிழற்படத் தொழிலாளர் ஒருவர் பெரியம்மையின் மென்மையான வகைக்கு ஆளாகியிருந்தார். முன்னொருகால் வந்த இடரைக் கண்டும் காவாதிருத்தல் அறியாமை என்னும் பெயர்க்குள் அடங்காது.

பிற இடங்களில் நிகழ்ந்தவையும் இவ்வாறே. 1973-இல் இலண்டனில் ஆராய்ச்சிச்சாலைப் பணியாளர் ஒருவர்க்குப் பெரியம்மை தொற்றியது. அவர் பிழைத்தார், மருத்துவமனையில் அவர்க்கு அடுத்த கட்டிலிற் கிடந்த நோயாளியைக் காண வந்த இருவர் இறந்தனர். 2004-இல் பீஜிங் நகரத்தில் சார்ஸ் வைரஸ் ஆராய்ச்சிச்சாலையிலிருந்து மாணவி ஒருவரைப் பற்றிற்று. மாணவி பிழைத்தார், அருகிருந்து பேணிய தாயார் இறந்தார். தம் உயிரைப் பணயமாக வைத்து ஆராய்வோனை வீரன் என்று உலகம் போற்றும், அது தகும். நோயாளியைக் காண வந்தாரும், மகளைப் பேணிய தாயும் எப்பணயத்திற்கு உடன்பட்டனர்? பிறர் உயிரைப் பணயமாக வைப்பதற்கு வீரம் என்னும் பெயர் பொருந்தாது.

அற்றேல், ஆராய்ச்சி இன்றேல் மருந்தும் இல்லை. பெரியம்மையை ஒழித்ததும் அறிவேயன்றோ எனின், அது உண்மையே. 1796-இல் ஜென்னர் காட்டிய அம்மைகுத்தும் முறையே அந்நோயை வெல்லும் படையாயிற்று. ஆகலின் ஆராய்ச்சியை ஒழிக்க என்பது ஈண்டுக் கருத்தன்று. ஒரு செயலின் பயன் பெரிதாதல், அச்செயலை எவ்வாற்றானும் செய்யலாம் என்பதற்கு இசைவுச்சீட்டு ஆகாது என்பதே கருத்து.

இனி, வல்லுநர் கையில் இடர் மிகச் சிறிது என்பார் உளர். வல்லுநரும் மறத்தற்குரிய மக்களே. பெரியம்மை வைரஸ் அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலுமாக இரண்டே இடங்களில் உளது என்று உலகம் எண்ணியிருக்க, 2014-இல் வாஷிங்டனை அடுத்த பெதஸ்தாவில் அரசு ஆராய்ச்சிச்சாலையொன்றின் குளிர் சேமவறையில், பல்லாண்டுகட்கு முன் வைத்து மறந்த அவ்வைரஸ்க் குப்பிகள் ஆறு கிடைத்தன. அவற்றுட் சிலவற்றில் அது உயிர்ப்புடன் இருந்தது. காற்று வெளிச்செல்லாது உள்ளேயே ஈர்க்கப்படும் அறைகளும், வடிகட்டிகளும், உடல் முழுதும் மூடும் உடைகளும் மிக நல்லவை. அவற்றை நாடோறும் பேணுவதும், பேணாது விடுவதும் மனிதர் கையில் உள்ளன. ஒருவரும் ஒருநாளும் பிழை செய்யார் என்பதன்மேல் எழுப்பிய காவல் காவலாகாது.

இயற்கையில் இல்லாத ஆற்றலை வைரஸுக்கு ஊட்டி ஆராய்தல் இதனினும் நுண்ணிய வினா. எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ் மனிதரிடையே எளிதிற் பரவுவதில்லை. ஆயினும் அதனால் நோயுற்றோராகக் கணக்கில் வந்தவருட் பாதியளவினர் இறந்தனர். 2011-இல் நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர், பெரட் என்னும் சிறு விலங்குகளிடையே காற்றின்வழிப் பரவும் வகையில் எச்5 வைரஸை மாற்றினமை வெளிப்பட்டது. வருமுன் அறிந்து காத்தற்கே என்றனர் அவர். அந்நோக்கம் நன்றே. உலகில் எழுந்த எதிர்ப்பைக் கண்டு 2012 ஜனவரி முதல் ஓராண்டு அவ்வாராய்ச்சியை நிறுத்தி வைக்கவும் அவரே இசைந்தனர். நின்று எண்ணுதல் அறிவிற்குப் பகையன்று என்பதற்கு இது சான்று.

ஆகவே இத்தகைய ஆராய்ச்சி செய்வார்க்கு மூன்று கடமைகள் உள. அவ்வறிவை இடர் குறைந்த வேறு வழியாற் பெறுதல் கூடுமோ என முதற்கண் ஆராய்தல் ஒன்று. பயன் பெரிதோ, இடர் பெரிதோ என்னும் தீர்ப்பைப் பயன் கொள்ளும் தாமே கூறாது, பிறரிடம் விடுத்தல் மற்றொன்று. பிழை நேர்ந்தவழிப் புகழுக்கு அஞ்சி மறையாது உடனே வெளிப்படுத்தல் பிறிதொன்று. மறைத்த ஒருநாளில் நோய் பல வீடுகளைச் சென்றடையும். மேற்றளத்தில் யார் இருக்கின்றார் என்று எண்ணிப் பார்த்த பின்னரே கீழ்த்தளத்தில் குப்பியைத் திறத்தல் வேண்டும். அவ்வெண்ணம் இல்லாத அறிவு எத்துணைப் பெருகினும் அறமாகாது என்க.