சந்தியில் முதலிடம் யாருக்கு?

ஒரு நாற்சந்தியைத் திருத்தி அமைப்பது பொறியியலாளர் வேலை. அதில் ஒழுக்கவியலுக்கு என்ன அலுவல் என்று சிலர் கேட்கலாம். ஆனால், ஒடுங்கிய ஓர் இடத்தை லொறிக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் கால்நடையாய் வரும் கிழவிக்கும் பங்கிட வேண்டியிருக்கிறதே, அது நீதியைப் பற்றிய கேள்வியல்லவா?

ஒல்லாந்தின் வடபாகத்திலே டிராக்டன் என்றொரு பட்டினம். அங்குள்ள லாவைப்ளைன் சந்தியை நாளொன்றுக்கு ஏறத்தாழ 22,000 வாகனங்கள் கடந்து வந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹான்ஸ் மொண்டர்மான் என்ற பொறியியலாளர் அங்கிருந்த சமிக்ஞை விளக்குகளை அகற்றுவித்து, சுற்றுவட்டத்தோடு கூடிய திறந்த சதுக்கமாக அதை மாற்றினார். விளக்கைப் பார்த்து ஓட்டுபவன் மனிதரைப் பார்ப்பதில்லை. விளக்கு இல்லையென்றால் வேகத்தைத் தணித்து மற்றவன் முகத்தைப் பார்ப்பான் என்பது அவர் எண்ணம். பார்க்க வந்தவர்களுக்கு அதைக் காட்டுவதற்காக, வாகனங்களுக்கு முதுகைக் காட்டியபடி பின்புறமாகவே வீதியில் இறங்கி நடப்பாராம். வாகனங்கள் நின்றன. சந்தியில் காத்திருக்கும் நேரமும் குறைந்தது.

சட்டத்தைவிட அன்பு மேல் என்று பிரசங்கிக்கும் எம்போன்றோருக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்குமா? நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால், முகத்தைப் பார்க்க இயலாதவன் என்ன செய்வான்? இங்கிலாந்தில் இம்முறையைப் பின்பற்றி, நடைபாதையின் விளிம்புக்கல்லையும் எடுத்து வீதியோடு சமதளமாக்கினார்கள். வெள்ளைப் பிரம்பு தட்டிப் பார்க்க விளிம்பு இல்லாமற் போயிற்று. விழிப்புலனற்றோர் சங்கங்கள் எதிர்த்தன. 2018 இல், இத்தகைய சமதளத் திட்டங்களை நிறுத்தி வைக்கும்படி அரசே உள்ளூராட்சிச் சபைகளைக் கேட்டுக்கொண்டது.

நல்ல சமாரியன் உவமையிலே குருவும் லேவியனும் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டார்கள் என்றே சுவிசேஷம் சொல்கிறது. (குருவாகிய எனக்கு இதை எழுதக் கூச்சந்தான்.) கண்டும் விலகிப் போனார்கள். சாரதி ஒரு கணம் தவறினால் அவனுக்குப் போவது வாகனத்தின் வர்ணம். நடப்பவனுக்குப் போவது உயிர். சமபலம் உள்ளவர்களுக்கிடையே மரியாதை போதுமாயிருக்கலாம். பலம் சமமில்லாத இடத்தில் எளியவனுக்கு வேண்டியது வலியவனின் தயவல்ல, உரிமை. 2007 இல் வத்திக்கான் வெளியிட்ட வீதி மேய்ப்புப்பணி வழிகாட்டியில் சாரதிகளுக்கெனப் பத்துக் கற்பனைகள் உண்டு. வீதியில் எளியவரைக் காக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

அதே ஒல்லாந்தில் வேறொரு வழியும் உண்டு. 1971 இல் அந்நாட்டு வீதிகளில் 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400க்கும் அதிகமானோர் சிறுவர். பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடினர். பின்னர் அமைக்கப்பட்ட பல சந்திகளில் துவிச்சக்கர வண்டிக்குத் தனிப்பாதை. மூலையிலே ஒரு திட்டு. திரும்பும் வாகனம் கடப்பவரை நேரே காணும்படி கடவை சற்று உள்ளே தள்ளி இருக்கும். அங்கே நல்லவனும் மெதுவாகத்தான் திரும்பவேண்டும், கெட்டவனும் மெதுவாகத்தான் திரும்பவேண்டும்.

அப்படியானால் அன்புக்கு வேலையே இல்லையா? திட்டும் கடவையும் இல்லாத இடங்கள் எத்தனையோ. ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் கோவில் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். சமாதானம் கூறிக் கும்பிட்ட கை, ஐந்து நிமிடத்திற்குள் ஹோர்னை அழுத்துகிறது. செபமாலையோடு நடந்து போகும் பாட்டிமார் மதிலோரம் ஒதுங்குகிறார்கள்.