இதெல்லாம் ஒரு போர்ஷேயா?

ஸ்டுட்கார்ட்டில் படித்தபோது நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரிடம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு போர்ஷே 914 இருந்தது. 1970 மாடல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பார். முதல் தடவை பார்த்தபோது, கார் பத்திரிகைகளைப் படித்து வளர்ந்த திமிரில், "இது போர்ஷேயே இல்லையே, ஃபோக்ஸ்வாகன்தானே?" என்று கேட்டுவிட்டேன். பெரியவர் கோபப்படவில்லை. "எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்றார்.

தகவலாகப் பார்த்தால் நான் சொன்னது பொய்யில்லை. இரண்டு கம்பெனிக்கும் பொதுவாக ஒரு கார் செய்வது என்று ஃபோக்ஸ்வாகன் தலைவர் ஹைன்ரிஷ் நோர்ட்ஹோஃபும் ஃபெரி போர்ஷேயும் வாய்வார்த்தையாகத்தான் பேசி முடித்திருந்தார்கள். 1968 ஏப்ரலில் நோர்ட்ஹோஃப் இறந்துபோனார். அடுத்து வந்த குர்ட் லோட்ஸ் அந்த வாய்வார்த்தைக்குக் கட்டுப்படவில்லை. வளைகாப்பிலேயே சண்டை வந்த மாதிரி. 1969-ல் வண்டி வெளிவந்தபோது ஐரோப்பாவில் அதற்கு 'ஃபோக்ஸ்வாகன்-போர்ஷே' என்று இரட்டைப் பெயர். நான்கு சிலிண்டர் மாடலில் இருந்தது ஃபோக்ஸ்வாகன் 411-இன் 1.7 லிட்டர் எஞ்சின், 80 குதிரைத்திறன். அந்தப் பெயரும் இந்த எஞ்சினும் போதாதா? கார் எப்படி ஓடுகிறது என்பதை அப்புறம் யார் கேட்கப்போகிறார்கள்?

யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிட்டுத்தான் எதிரே நிற்பவனின் முகத்தையே பார்ப்போம். இந்தப் பழக்கத்தை வெறுத்து ஊரைவிட்டு வந்தவன் நான். ஒரு காரிடம் அதையே செய்திருக்கிறேன்.

குற்றவுணர்ச்சியில் புத்தகங்களைப் புரட்டினேன். 1948-ல் ஆஸ்திரியாவின் க்முண்டில் உருவான, போர்ஷே என்ற பெயர் தாங்கிய முதல் கார் 356 எண் 1. அதிலும் ஃபோக்ஸ்வாகன் எஞ்சின்தான்! அதுவும் 914-இல் இருப்பதுபோலவே இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால். தாத்தாவின் முகஜாடையோடு பிறந்த பேரனைத்தான் வேற்றாள் என்றிருக்கிறோம். போதாக்குறைக்கு 1970 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஆறு சிலிண்டர் 914/6 ஒட்டுமொத்தமாக ஆறாவது இடம். ஜிடி பிரிவில் முதலிடம்.

வெற்றிக் களிப்போடு பெரியவரிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ தாத்தா ஜாடை இல்லேன்னா, ரேஸ்ல தோத்திருந்தா, இது மோசமான வண்டியா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிறப்பைக் காட்டி ஒதுக்கியதற்குப் பிறப்பையும் பதக்கத்தையும் காட்டித்தான் பதில் சொல்லியிருக்கிறேன். தராசை மாற்றவில்லை, வேறு எடைக்கல் வைத்தேன். அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு என்னை ஏற்றிக்கொண்டார். இந்தத் தொடக்க மாடல்களில் பக்கத்து இருக்கை நகரவே நகராது. கால் வைக்கும் கட்டையைத்தான் நம் உயரத்துக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ள வேண்டும். சிரிப்பாக இருந்தது. கூரையைக் கழற்றிப் பின் டிக்கிக்குள் வைத்தார். முன்னாலும் ஒரு டிக்கி உண்டு. கியரோ கஞ்சிக்குள் கரண்டி விட்டுத் துழாவுவது மாதிரி. வேகமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் ஊருக்கு வெளியே வளைவுகள் வந்ததும், கார் நடுவயிற்றிலிருந்து திரும்பியது. மூக்கு முந்தவில்லை, வால் இழுக்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் எஞ்சின் தடதடத்துக்கொண்டிருந்தது. யாருடைய எஞ்சின் என்று அந்த இருபது நிமிடமும் எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது இந்த வண்டிகளின் விலை ஏறிவிட்டது. 'மதிப்பு உணரப்படாத ரத்தினம்' என்று எழுதுகிறார்கள். அதை வாசிக்கும்போது எனக்குள் ஒரு அற்பச் சந்தோஷம் வரும், நான் முன்னாடியே கண்டுகொண்டேனே என்று. உடனே கூச்சமும் வரும். கண்டுகொண்டதாகப் பெருமைப்படுவதற்கு ஒரு புறக்கணிக்கப்பட்ட பொருள் தேவைப்படுகிறது. அந்தப் பொருளுக்கு நான் தேவைப்படுகிறேனா என்று தெரியவில்லை.

அன்று திரும்பி வந்ததும் பெரியவர் எஞ்சின் மூடியைத் திறந்தார். 914-இன் பேட்டரி உள்ளே வலது ஓரத்தில் இருக்கும். அதன் அமிலம் கசிந்து, கீழே உள்ள இரும்பை அரித்துவிடும். இந்த வண்டிகள் பலவும் செத்தது அப்படித்தான். ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய பல்துலக்கியால் அந்த இடத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

"டார்ச்சை இன்னும் கொஞ்சம் கீழே பிடி" என்றார். பிடித்தேன்.