வாக்கரில் தொங்கும் பை

இடுப்பெலும்பு முறிந்து, அறுவை மருத்துவம் முடிந்து வீடு திரும்பும் முதியவருக்கு வாக்கர் என்னும் நான்கு கால் சட்டம் துணையாகிறது. அலுமினியக் குழாய்களாலான எளிய கருவி அது. இரு கைகளாலும் அதைப் பற்றித் தூக்கி, சற்று முன்னே ஊன்றி, உடலின் பாரத்தைக் கைகளில் இறக்கி, அதன் பின்னரே காலை எடுத்து வைக்க வேண்டும். கால்களுக்கு அது தருவதைக் கைகளிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அடுக்களை வரை நடந்து போய்விடலாம். அங்கிருந்து ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு திரும்ப இயலாது. கூடத்திற்கு வந்து அமரலாம். படுக்கையருகே விட்டுவந்த மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவர வேறொருவர் வேண்டும். கைகால் நலத்தோடிருப்போர் இந்நிலையை எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்கு மாற்றாகப் பல வீடுகளில் வாக்கரின் ஒரு பக்கத்தில் பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். அது ஊசலாடுகிறது, காலில் தட்டுகிறது. வாக்கரின் முன்கம்பியில் பொருந்துமாறு ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்தால் இந்த இடர் தீரும். ஒரு மாலைப்பொழுதின் வேலைதான். ஆனால் அந்தச் சிறு வேலைக்குள் ஒரு பெரிய வினா அடங்கியிருக்கிறது. உதவி என்பது ஒருவர் கேட்டதைக் கொண்டுபோய்க் கொடுப்பதா? அல்லது கேட்க வேண்டிய தேவையையே குறைப்பதா?

கேட்பது எளிதன்று. காலையில் கண்ணாடி, பிறகு கைக்குட்டை, அதன்பின் மாத்திரை, மாலையில் செபமாலை என்று ஒரு நாளில் பத்து முறை ஒருவர் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கிறது. பத்து முறையும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. "இதோ வருகிறேன்" என்று அடுக்களையிலிருந்து வரும் குரல் காலையில் ஒரு விதமாகவும் மாலையில் வேறு விதமாகவும் ஒலிப்பதை முதியவரின் செவி தவறாமல் அறிந்துகொள்கிறது. அவர் எண்ணத் தொடங்குகிறார். இன்று இத்தனை முறை அழைத்துவிட்டோம், இனி அழைக்க வேண்டாம் என்று தமக்குத்தாமே கட்டளையிட்டுக்கொள்கிறார். கண்ணாடியின்றியே செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். தாகத்தை ஒத்திப்போடுகிறார். சில வேளைகளில் பிறரைத் தொந்தரவு செய்யலாகாது என்று ஒரு கையை வாக்கரிலிருந்து விட்டு, மற்றக் கையால் பொருளொன்றை எடுத்துக்கொண்டு நடக்க முயல்கிறார். அங்கேதான் அடுத்த எலும்பு முறிகிறது.

கொடுப்பவர் பக்கத்திலும் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். நாம் இல்லாமல் இவருக்கு ஒன்றும் நடவாது என்ற எண்ணம் இனிமையானது. அந்த இனிமைக்கு அன்பு என்று பெயரிட்டுக்கொள்வது அதைவிட எளிது. அன்பில் அது ஓரளவே. எஞ்சியது ஆளுகை என்பது என் கருத்து.

நம் குடும்பங்களில் கேட்பது இழிவன்று, தாத்தா தண்ணீர் கேட்பதும் பேரன் ஓடிக் கொண்டுவருவதும் உறவின் இழைதானே என்று சிலர் மறுமொழி கூறக்கூடும். எவர் தயவும் வேண்டாமென்பது மேலைநாட்டார் எண்ணம் என்றும் சொல்வர். இந்த மறுப்பில் உண்மை உண்டு. பேரனை அழைக்க ஒரு காரணமாகவே தண்ணீர் கேட்கும் தாத்தாக்களும் இருக்கிறார்கள்! ஆயினும், விரும்பிக் கேட்பது வேறு; வேறு வழியின்றிக் கேட்பது வேறு. எழுந்து எடுத்துக்கொள்ள முடிந்தவர் கேட்கும்போது அது உறவாடல். முடியாதவர் கேட்கும்போது அதில் எப்போதும் ஒரு துளி அச்சம் கலந்திருக்கிறது.

இளமையில் நீயே உன் இடையைக் கட்டிக்கொண்டு விரும்பிய இடத்திற்கு நடந்தாய், முதுமையிலோ கைகளை விரித்துக்கொடுப்பாய், வேறொருவர் உன்னைக் கட்டி நீ விரும்பாத இடத்திற்குக் கூட்டிச்செல்வார் என்னும் பொருள்பட உயிர்த்த ஆண்டவர் பேதுருவிடம் பேசியதை யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரம் கூறுகிறது. பேதுருவின் இறப்பைக் குறித்தே இது சொல்லப்பட்டதென நற்செய்தியாளரே விளக்கிவிடுகிறார். எனினும் முதுமையை எட்டிய எவரும் இந்த வரிகளைத் தம் வாழ்வோடு ஒட்டியே கேட்பர். தம் விருப்பம் பிறர் கைக்கு மாறுவதே முதுமையின் நோவு என்பதை ஆண்டவர் அறிந்திருந்தார்.

நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை நினைவுகூர்வோம். வெற்றிலை, பாக்கு, சில காசுகள், மடித்த ஒரு ரூபாய்த்தாள். வீடு மகன் பெயரிலும் வயல் கணவர் பெயரிலும் இருந்தபோது அந்தச் சுருக்குப்பை மட்டும் அவர்களுக்கே சொந்தமாயிருந்தது. அதைத் திறந்து பார்க்கும் துணிவு எந்த மருமகளுக்கும் இருந்ததில்லை. அதிலிருந்து எடுத்துப் பேரப்பிள்ளைக்கு மிட்டாய்க்குக் காசு கொடுக்கும்போது பாட்டி பெறுபவரல்லர், கொடுப்பவர்.

2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 100 பேரில் 10 பேருக்கு மேல் 60 வயதை எட்டியவர்கள். அவர்களுக்காக நாட்டில் சட்டமும் உண்டு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 'பராமரிப்பு' என்பதில் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைச் சேர்க்கிறது. நல்ல சட்டம். பிறர் திறந்து பார்க்காத ஒரு பையை அதில் எழுதிவைக்க முடியாது. அது வீட்டார் தைத்துக்கொடுக்க வேண்டியது.

தைப்பதற்கு ஒரு மீட்டர் தடித்த பருத்தித் துணி போதும். பழைய ஜமுக்காளமோ கால்கிழிந்த ஜீன்ஸோ இருந்தால் அதுவும் வேண்டாம். முன்கம்பியின் அகலத்தை நாடாவால் அளந்து, அதற்குச் சற்றுக் குறைவாகவே துணியை வெட்ட வேண்டும்; இல்லையேல் வாக்கரை மடிக்கும்போது துணி சிக்கும். கைப்பிடியின்மேல் எந்தப் பட்டியும் வரலாகாது. பை முழங்காலில் இடிக்குமளவு தாழ்ந்து தொங்கவும் கூடாது. கனத்த பொருளை முன்னே ஏற்றினால் வாக்கர் முன்பக்கம் சாயும்; ஆகவே மூடியுள்ள ஒரு சிறிய தண்ணீர்க் குப்பிக்கு மேல் எடை வேண்டாம். அறைகளைப் பிரித்துத் தைப்பது நலம்: கண்ணாடிக்கு ஒன்று, கைபேசிக்கு ஒன்று, மாத்திரைக்கு ஒன்று.

எத்தனை அறைகள், எதற்கு எது என்பதை யார் முடிவு செய்வது? எரிகோவின் சாலையோரத்தில் அமர்ந்திருந்த பர்த்திமேயு பார்வையற்றவர் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். ஆயினும் அவருக்கு என்ன வேண்டுமென்று இயேசு அவரையே கேட்டார். நாமோ முதியவருக்கு வேண்டியது தெரியும் என்ற உறுதியோடு தைக்க அமர்கிறோம். மருந்துக்குப் பெரிய அறை வைக்கிறோம். அவரோ மகளின் பழைய கடிதத்துக்கும் தைலப் புட்டிக்கும் இடம் தேடிக்கொண்டிருப்பார்.

பை வந்துவிட்டது, இனி அவர் அறைப்பக்கம் போகவேண்டியதில்லை என்று வீட்டார் எண்ணத் தொடங்குவதும் உண்டு. அழைக்கும் தேவை குறைந்தால் காலடியோசையும் குறையக்கூடும். இந்த ஆபத்து மெய்யானது; பையை எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் அதனால் தீராது. கண்ணாடியை எடுத்துக் கொடுக்கப் போனவர் இனி வெறுங்கையோடு, எந்த வேலையுமின்றி, அருகே சென்று அமர வேண்டும். அது முன்னையதைவிடக் கடினம். வேலை என்னும் திரை அங்கே இல்லை.

துணியைத் தேர்வதும் அவருக்கே உரியது. பூப்போட்ட துணியைக் கண்டு முகம் சுளிக்கும் தாத்தாவை வற்புறுத்த வேண்டாம். தையல் எந்திரத்தை மிதித்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்த அன்னையர் பலர் இன்று வாக்கரைப் பற்றி நடக்கின்றனர். அவர்களிடம் துணியைக் கொடுத்து, எப்படி வெட்டுவது என்று கேட்டால் போதும். அமர்ந்தபடியே ஓரத்தை மடித்து அவர்களே தைத்துவிடக்கூடும். பையின் வாய்க்குப் பொத்தானா, நாடாவா, வெல்க்ரோவா என்பதையும் அவர்களே சொல்லட்டும். எந்த விரல் மடங்க மறுக்கிறதென்று அவர்களுக்குத்தான் தெரியும்.