பலனை முன்னறியும் கடமை

பலனில் பற்று வையாது கர்மத்தைச் செய்ய வேண்டும் என்னும் கீதையின் உபதேசத்தை, செயலின் விளைவைப் பற்றிய விசாரமே வேண்டாம் என்பதாகப் பொருள் கொள்வோர் உண்டு. அது பெரும்பிழை என்பது என் துணிபு. செய்கிறவன் தனக்கென்று விரும்பும் பலனைத்தான் அங்கே துறக்கச் சொல்லியிருக்கிறதேயொழிய, அவன் செயலால் பிறர்க்கும் பிற உயிர்களுக்கும் நேரக்கூடியதை எண்ணிப் பார்க்கும் பொறுப்பை அன்று. ஜைன முனிவர்கள் நடந்து செல்லும்போது, எதிரே கிடக்கும் சிறிதளவு நிலத்தை உற்று நோக்கி, ஊர்ந்து செல்லும் சிற்றுயிர் எதுவும் மிதிபடாதவாறு அடியெடுத்து வைப்பதை ஈரியா சமிதி என்னும் ஒழுக்கமாகவே கொண்டிருக்கிறார்கள். அணை கட்டுவதும் மலையைக் குடைவதும் ஒரு தேசம் எடுத்து வைக்கும் அடிகள்தாம். அவற்றின் கீழ் என்ன அகப்படும் என்று முன்கூட்டிப் பார்ப்பதற்கு நம் காலத்தவர் கண்ட உபாயமே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு.

அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டின் முதல் நாளன்று கையெழுத்தான தேசிய சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் இத்தகைய ஆராய்ச்சியை அரசாங்கத்தின் கடமையாக்கியது. மறு ஆண்டிலேயே லூனா லியோபோல்டு என்ற நீரியல் அறிஞரும் அவருடைய சகாக்களும், திட்டத்தில் அடங்கிய 100 செயல்களை ஒரு திசையிலும், சூழலின் 88 தன்மைகளை மறு திசையிலும் நிறுத்தி, 8,800 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணையை வகுத்தார்கள். விளைவு உண்டாகும் என்று தோன்றும் ஒவ்வொரு கட்டத்திலும் அதன் அளவுக்கு ஓர் எண், அதன் முக்கியத்துவத்துக்கு ஓர் எண் என்று இரண்டையும் பிரித்து வைத்ததில் ஆழ்ந்த விவேகம் இருக்கிறது. புகைபோக்கியிலிருந்து எழும் புகை, வீசும் காற்றுக்கேற்ப எத்தனை தூரத்தில் எவ்வளவு செறிவோடு தரையிறங்கும் என்பதைக் கணிதம் ஒருவாறு சொல்லிவிடும். சொன்னது பிழையானால் பின்னர் அளந்து திருத்தவும் கூடும். ஆனால் அந்தப் புகையால் வாடும் ஒரு தோப்பு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எந்தக் கருவி அளக்கும்?

அந்த அளவையையும் எண்ணால் அடக்கிவிடலாம் என்று முயன்றவர்கள் உண்டு. ஒஹையோ மாநிலத்துப் பாட்டல் ஆய்வகத்தார் நீர்த் திட்டங்களுக்காக 1972-இல் உருவாக்கிய முறையில், சூழலின் 78 கூறுகளுக்கு மொத்தம் 1,000 அலகுகளை நிபுணர்கள் பங்கிட்டார்கள். அதில் சமயக் குழுவினருக்குக் கிடைத்த பங்கு 7. அந்த நிபுணர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. எதையும் விட்டுவிடலாகாது என்ற கவலையினால்தான் அவர்கள் அதற்கும் ஓர் இடம் ஒதுக்கினார்கள். எனினும் ஒரு ஜனசமூகம் தெய்வமாக வணங்குவதை ஆயிரத்தில் ஏழு என்று மதிப்பிடும் அதிகாரம் அதை வணங்காதவருக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அந்த முறையில் விடை இல்லை.

அந்த விடையை நான் ஒடிசாவின் நியமகிரியில் காண்கிறேன். ராயகடா, காளஹண்டி மாவட்டங்களில் பரந்து, வம்சதாரை ஆற்றுக்கு ஓடைகளை அனுப்பும் அம்மலைத்தொடரின் உச்சியில் பாக்சைட் தாது கிடைக்கிறது; அதை வெட்டியெடுக்கச் சுரங்கம் ஒன்று திட்டமிடப்பட்டது. டோங்ரியா கோந்த் மக்களுக்கோ அது நியம ராஜா என்னும் தெய்வத்தின் உறைவிடம். தாதுவின் எடையையும் வெட்டப்படும் மரங்களின் தொகையையும் கணக்கிட அறிக்கைகள் இருந்தன. அவ்வறிக்கைகளைத் திட்டத்தை நடத்த விரும்புவோரே கூலி கொடுத்துத் தயாரிக்கச் செய்வது நம் நாட்டு வழக்கம். வழக்காடுகிறவனே தனக்கான சாட்சியையும் அமர்த்திக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை எந்த தர்ம நியாயத்தாலும் நான் ஏற்க இயலாது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், அந்தச் சுரங்கத்தால் மக்களின் சமய உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே ஆராய்ந்து கூறட்டும் என்று தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதிகள் பார்வையாளராக வீற்றிருக்க, பன்னிரண்டு கிராம சபைகள் ஒவ்வொன்றாகக் கூடி, பன்னிரண்டும் சுரங்கத்தை மறுத்தன.

ஒவ்வொரு குன்றிலும் ஒரு தெய்வம் இருக்கிறதென்றால் தேசத்தில் எந்தத் தொழில்தான் நடக்கும் என்று கேட்பவர்களின் கவலை பொய்யானதன்று. அலுமினியம் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. ஆனால் கிராம சபையைக் கேட்பது தெய்வத்தின் பெயரால் தடை போடுவதற்காக அன்று. இழக்கப்போகிறவனே தன் இழப்பின் எடையைச் சொல்லத் தகுந்தவன் என்பதால்தான். எல்லா இடத்திலும் அவன் மறுத்தே தீருவான் என்பதும் இல்லை. இழப்பிலும் ஆக்கத்திலும் எது பெரிதென்று ஆராய்ந்து, சில இடங்களில் அவன் இசையவும் கூடும். அந்த இசைவுக்கு அப்போது உண்மையான மதிப்பு உண்டு. நியமகிரியில் நான் மிகவும் வருந்துவது வேறொன்றை: மலையடிவாரத்து லாஞ்சிகரில் அலுமினா ஆலை எழும்பிப் பல ஆண்டுகள் கடந்த பின்னரே அந்தப் பன்னிரண்டு ஊர்களின் வாய்ச்சொல் கேட்கப்பட்டது. ஆலைக்கு முதல் கல் நடுவதற்கு முன்பே, அறிக்கையின் முதல் கட்டத்தில் எண் எழுதப்படுவதற்கும் முன்பே, அவர்களைக் கேட்டிருக்க வேண்டும்.