ஈரச் சாக்கு

ஒருவரை மேடையேற்றிக் கௌரவிப்பதும், அவர் கண்டு சொன்ன விஷயத்தை மதித்து நடப்பதும் ஒரே காரியம்தான் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். சென்ற பங்குனியில், கோயம்புத்தூர்ச் சீமையிலுள்ள ஒரு நூற்பாலையின் ஆண்டு விழாவுக்குப் போய்வந்த பிறகு அப்படி எண்ண முடியவில்லை. அங்கே பெரிய சம்பவம் ஒன்றும் நடந்துவிடவில்லை. பரிசு வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிய ஓர் அம்மாள், கீழே நின்ற மேஸ்திரியிடம் ஒரு கேள்வி கேட்டாள், அவ்வளவே. ஆயினும் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அந்த ஆலையில் மாசி பிறந்தது முதல், மேற்குக் கோடியில் நிற்கும், ரிங் பிரேம் எனப்படும் நூற்கும் யந்திரங்கள் சிலவற்றில் மட்டும் பிற்பகல் வேளைகளில் இழை அளவுக்கு மீறி அறுந்துகொண்டிருந்தது. அறுந்த இழையை உடனுக்குடன் ஒட்டாவிட்டால் பஞ்சு வீணாகும், உருளையில் சுற்றிக்கொண்டு பக்கத்து இழையையும் கெடுக்கும்; அவசரத்தில் ஒட்டினாலோ ஒட்டின இடம் தடித்து நிற்கும். உருளைகளை மாற்றிப் பார்த்தார்கள். வளையத்தின்மேல் சுற்றிவந்து நூலுக்கு முறுக்கேற்றும் டிராவலரை எடை குறைத்துப் போட்டுப் பார்த்தார்கள். கதிர்களின் வேகத்தைத் தணித்தார்கள். பஞ்சுக் கலவையின்மேல் பழிபோட்டார்கள். இத்தனைக்கும் பிறகு, அந்த வரிசையில் பல வருஷங்களாகச் சைடு பார்த்துவரும், அதாவது யந்திரத்தின் பக்கத்தில் நின்று அறுந்த இழைகளை ஒட்டிவரும் அம்மாள் ஒருத்தி, பாபின் வண்டி வந்துபோகும் மேற்குக் கதவு செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்தபடியே நிறுத்தப்பட்டிருப்பதையும், அப்படித் திறந்து கிடக்கும் வேளைகளில்தான் தொல்லை மிகுவதையும் கவனித்து, ஒரு கோணிச் சாக்கைப் பிரித்துத் தண்ணீரில் நனைத்து, கதவு நிலையில் இரண்டு ஆணிகளை அடித்துத் தொங்கவிட்டாள். காய்ந்தபோதெல்லாம் மறுபடி நனைத்தாள். இழை அறுவது மற்ற யந்திரங்களின் அளவுக்கு இறங்கிவிட்டது. நிர்வாகத்தார் பெருந்தன்மையோடு அதை ஒப்புக்கொண்டு, ஆண்டு விழாவில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, ஒரு பித்தளைக் குத்துவிளக்கும் சான்றிதழும் வழங்கினார்கள்.

வாழ்த்துரை சொல்ல அழைக்கப்பட்டவன் என்ற முறையில் நான் படிக்கட்டுக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன். கைதட்டல் அடங்குவதற்குள் விளக்கை இரு கைகளாலும் அணைத்துப் பிடித்தபடி இறங்கி வந்தவள், மேஸ்திரியைப் பார்த்து, "சாக்கை மறுக்கா மாட்டிட்டீங்களாங்க?" என்றாள். "நாளைக்குப் பாத்துக்கலாங்கக்கா, விருந்தாளிக எல்லாம் போகட்டும்" என்றார் அவர். அவள் தலையசைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

விழாவுக்கு முன் விருந்தினரை ஆலையைச் சுற்றிக் காட்ட அழைத்துச் செல்வது வழக்கம். அதற்காக அன்று காலையிலேயே சாக்கை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். நானும் அந்த மேற்குக் கதவைத் தாண்டித்தான் போயிருந்தேன். நிலைக்குப் புதிதாக வார்னிஷ் பூசியிருந்தது. ஆணிகள் இரண்டும் அப்படியே இருந்தன. ஆணிகளில் ஒன்றும் தொங்கவில்லை. அவள் எதற்காகப் பாராட்டப்பட்டாளோ அந்தப் பொருள், அவள் பாராட்டப்பட்ட நாளில், பாராட்ட வந்தவர்களின் கண்ணில் படாதிருக்க வேண்டி எடுத்து வைக்கப்பட்டிருந்தது. விழாப் பந்தலில் நாங்கள் அவளுடைய சாமர்த்தியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், கூடத்தில் யந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மேற்கு வரிசையில் அன்று அவளுக்குப் பதிலாக நின்றவள் யாரோ, அவள் அந்தப் பிற்பகல் முழுவதும் அறுந்த இழைகளின் பின்னால் ஓடியிருப்பாள்.

பருத்தி ஒரு விசித்திரமான வஸ்து. ரேயான் போன்ற நார்கள் நனைந்தால் பலம் குறையும். பருத்தி நாருக்கு ஈரத்தில்தான் பலம் கூடுகிறது. காற்று வறண்டால் நார்கள் உராய்வினால் மின்னேற்றம் கொண்டு ஒன்றையொன்று விலக்கும், இழையைவிட்டுப் பிரிந்து பறக்கும், உருளையில் ஒட்டிக்கொள்ளும். ஆகையால் நூற்கும் கூடத்துக் காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 55 முதல் 60 சதவீதம் வரையில் இருக்க வேண்டுமென்று வைத்து, அதற்கென்றே நீர்த்திவலையைக் காற்றோடு கலந்து அனுப்பும் யந்திரங்களை நிறுவியிருக்கிறார்கள். இழை அறுவதையும் மனம்போன போக்கில் மதிப்பிடுவதில்லை; 100 கதிருக்கு ஒரு மணி நேரத்தில் எத்தனை என்று எண்ணிக் கணக்கு வைக்கிறார்கள். கோவையிலேயே 1956 முதல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், எல்லாரும் சிட்ரா என்று சொல்வது, இத்தகைய ஆராய்ச்சிகளை நடத்திவருகிறது. சாஸ்திரம் இல்லாத இடம் அல்ல அது. அந்தக் கூடத்திலும் ஈரமானி இருந்தது, நடுத்தூணில் மாட்டியிருந்தது, அது காட்டிய அளவும் சரியாகவே இருந்தது. நடுத்தூணுக்குச் சரியாயிருந்த காற்று கதவோரத்துக்குச் சரியாயில்லை என்பதைக் கண்டவள், கதவோரத்தில் நின்றவள். "வெரல் நுனி சொரசொரன்னு ஆச்சுங்க, பஞ்சுக்கும் அப்பிடித்தானே இருக்கும்" என்று அவள் சொன்னதாக மேஸ்திரி எனக்குச் சொன்னார். கூடத்தின் சராசரியை ஈரமானி அறிந்திருந்தது. அவள் தன் இடத்தை அறிந்திருந்தாள்.

இதைக் கேட்டதும் என் நினைவு எங்கள் வீட்டுத் தறிக்குழிக்குப் போய்விட்டது. என் தகப்பனார் கைத்தறி நெய்தவர். விடியுமுன்னே தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டி, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் ஆற்றி எடுத்துவிட வேண்டுமென்று தெருவே பரபரக்கும் காலம் அது. பங்குனி வந்துவிட்டால் தறிக்குழியைச் சுற்றி மண்தரையில் தண்ணீர் தெளித்து வைப்பது சிறுவனான என்னுடைய வேலை. குழித்தறியின் விசேஷமே அதுதான். மண்ணின் குளிர்ச்சி கீழிருந்து பாவுக்கு ஏறிக்கொண்டிருக்கும். ஒருநாள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓர் இழை விட்டுப்போய், மெல்லிய கோடாக ஒரு முழ தூரத்துக்கு நீண்டிருப்பதைக் கண்டு தகப்பனாரிடம் காட்டினேன். அவர் தறியை நிறுத்தினார். நாடாவைக் கீழே வைத்தார். குனிந்து பார்த்துவிட்டு, நெய்ததை அந்த இடம் வரையில் இழை இழையாகப் பிரித்தெடுத்து, விட்டுப்போன இழையைப் பிணைத்து, மறுபடி நெய்யத் தொடங்கினார். அரை நாள் வேலை அதிலே போயிற்று. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று, வயதான காலத்தில் எண்ணிப் பார்க்கும்போது, ஒரு பிள்ளை சொன்னதற்காகத் தறியை நிறுத்தி அரை நாள் உழைப்பைப் பிரித்துப் போட்ட அந்த மனிதர், அதைக் காட்டிலும் பெரிய மரியாதையை எனக்குச் செய்திருக்க முடியாது என்று தோன்றுகிறது. எந்தச் சபையிலும் அப்படி ஒரு மரியாதை பின்னால் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அன்று இரவு நான் எப்படியிருந்தேன் என்பதும் நினைவிருக்கிறது. சாப்பிடும்போது அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அம்மாவும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "புள்ளைய ஒரு வார்த்தை நல்லாச் சொன்னா என்னவாம்?" என்று கேட்டாள். அவர் மோரை ஊற்றச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக ஏங்கிய ஏக்கத்தை இன்றைய அறிவைக் கொண்டு பொய்யென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

எப்போதோ படித்த சில விஷயங்களும் இந்த யோசனையோடு வந்து சேர்ந்துகொள்கின்றன. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்துக் கோடாக் கம்பெனியார் 1898இல், தொழிலாளிகள் தங்களுக்குத் தோன்றும் யோசனைகளை நிர்வாகத்துக்குத் தெரிவித்துப் பரிசு பெறலாம் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். முதலில் பரிசு பெற்ற யோசனை எது தெரியுமா? ஜன்னல் கண்ணாடிகளைக் கழுவி வைத்தால் வேலை செய்யுமிடம் வெளிச்சமாக இருக்கும் என்பது. பரிசு 2 டாலர். இதைப் படித்தபோது, இவ்வளவு எளிய விஷயத்தைச் சொல்ல ஒரு திட்டமும் பரிசும் வேண்டியிருந்ததா என்று வியந்தேன். இப்போது என் வியப்பு வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. கண்ணாடி அழுக்கடைந்திருப்பதை அந்தத் தொழிலாளி மட்டுமா கண்டிருப்பார்? அத்தனை பேரும் கண்டிருப்பார்கள். கண்டதைச் சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை ஒருவருக்கு உண்டாகும்வரையில் கண்ணாடி அழுக்காகவே இருந்திருக்கிறது.

சிக்காகோவுக்கு அருகே ஹாத்தார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் நடந்த பரிசோதனைகள் பிரசித்தமானவை. விளக்கொளியைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்க்கத் தொடங்கினார்கள். கூட்டியபோதும் உற்பத்தி கூடியது, குறைத்தபோதும் கூடியது. பின்னர் 1927இல், டெலிபோன் ரிலேக்களைப் பூட்டும் ஐந்து பெண்களைத் தனியறையில் அமர்த்தி, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். தங்களை ஒருவர் கவனிக்கிறார், தங்கள் அபிப்பிராயத்தைக் கேட்கிறார் என்ற உணர்வே அவர்களை ஊக்கியது என்று ஆராய்ச்சியாளர் எல்டன் மேயோவும் அவரைச் சேர்ந்தவர்களும் முடிவு கட்டினார்கள். பிற்காலத்து அறிஞர்கள் அந்தக் கணக்குகளைத் துருவிப் பார்த்து அந்த முடிவைச் சந்தேகித்தார்கள். அந்த விவாதத்தைவிட என் மனத்தில் தைத்தது வேறொரு செய்தி. அந்த ஐவரில் இருவர் வேலை நேரத்தில் அதிகமாகப் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்ற காரணத்தால் 1928இன் தொடக்கத்தில் விலக்கப்பட்டார்கள். வேறு இருவர் அவர்களுடைய இடத்தில் வந்து அமர்ந்தார்கள். அதே தொழிற்சாலையில் அடுத்த சில ஆண்டுகளில் 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைத் தனித்தனியே பேசவைத்துக் கேட்டு எழுதிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. பேசச் சொல்லிக் கேட்ட நிர்வாகமும், பேசினார்கள் என்று விலக்கிய நிர்வாகமும் ஒன்றே. அங்கிருந்தவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தான் கேட்க விரும்பிய நேரத்தில், தான் வகுத்த முறையில் வரும் பேச்சையே எந்த ஸ்தாபனமும் பேச்சாகக் கொள்கிறது போலும். கதவு நிலையில் தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கும் சாக்கைப்போல வேளை தெரியாமல் வந்து நிற்கும் பேச்சை, விருந்தினர் வரும் நாளில் எங்கே வைப்பதென்று அதற்குத் தெரிவதில்லை.

இவ்வளவு எழுதிய பின், எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. விழா முடிந்து காப்பி அருந்துகையில் ஆலையின் இளம் மானேஜரிடம் சாக்கைப் பற்றி விசாரித்தேன். அவர் மழுப்பவில்லை. சாக்கிலிருந்து சொட்டும் நீர் சிமெண்டுத் தரையில் தேங்குகிறது, புதிதாக வருபவர் வழுக்கி விழுந்தால் என்ன செய்வது என்றார். கதவுக்கு முட்டுக் கொடுத்ததன் காரணத்தையும் அவர் தேடிக் கண்டுபிடித்திருந்தார்: வாசற்படியின் விளிம்பில் வண்டிச் சக்கரம் இடிப்பதால், வண்டி தள்ளுகிறவர்கள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. அடுத்த மாதத்திற்குள் படியை இடித்துச் சரிவாக்கி, வண்டி நுழைந்ததும் தானே மூடிக்கொள்ளும் இரட்டைக் கதவு ஒன்றை அமைத்துவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அப்படியானால் அவள் சொன்னதை அவர் கேட்டார் என்றுதானே கொள்ள வேண்டும்? சாக்கு போனாலும் சாக்கு உணர்த்திய விஷயம் போகவில்லை. அந்த ஒரு பிற்பகலை மட்டும் வைத்துக்கொண்டு அவர்மீது குறை காண்பது நியாயமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சாக்கை இறக்குமுன் அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது மட்டும் என் மனத்திலிருந்து இறங்க மறுக்கிறது.

விழாவில் எடுத்த புகைப்படத்தைக் கொடுப்பதற்காக ஒருநாள் அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனேன். சான்றிதழைச் சட்டம் போட்டு, மகளின் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். விளக்கு பூஜை மாடத்தில் இருந்தது; வெள்ளிக்கிழமைதோறும் ஏற்றுவதாகச் சொன்னாள். பக்கத்து ஊரிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் அதைப் பார்த்து எவ்வளவு மெச்சினார்கள் என்று சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது. அன்று கேட்ட கேள்வியை நினைவூட்டி, ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்றேன். ஏதோ பெரிய பதிலை எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் சற்று யோசித்துவிட்டு, "இழை அறுந்தா எங்களாட்டம் சைடு பாக்குறவங்கதானுங்க ஓடோணும்" என்றாள். பிறகு மகளைக் கூப்பிட்டு எனக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னாள்.

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இத்தனை நாளாக அவளுடைய கேள்வியில் நான் கேட்ட மனத்தாங்கல் அவளுடையதா, அல்லது தகப்பனாரின் வாயிலிருந்து ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த சிறுவனுடையதா என்பதே இப்போது சந்தேகமாகிவிட்டது. அவளுக்கு விளக்கும் வேண்டியிருந்தது, சாக்கும் வேண்டியிருந்தது. இரண்டுக்கும் இடையே அவள் ஒரு வழக்கையும் காணவில்லை. என் தகப்பனார் தறியை நிறுத்தினார், வாய் திறக்கவில்லை. ஆலையார் வாயாரப் புகழ்ந்தார்கள், அன்றைக்கு மட்டும் சாக்கை அவிழ்த்தார்கள். இவ்விரண்டில் குறைவாக நோகச் செய்வது எது என்று யாரேனும் கேட்டால், தகப்பனாரின் பக்கமே என் மனம் சாய்கிறது என்பேன். ஆனால் அந்தச் சாய்வுக்குக் காரணம் நியாயமா, வெறும் பாசமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டுச் சுவரில் சான்றிதழைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, சாய்வுகூட முன்போல் உறுதியாக இல்லை.