அரைக்கம்பம்

என் தாத்தா ஊருக்குச் சாவுச் சேதி சொல்லப் போனவர். மேலத்தெருவில் ஒரு உசுரு போனால் ராத்திரியானாலும் மழையானாலும் சொந்தக்காரர்கள் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் நடந்தே போகவேண்டும். திரும்பி வந்து பறையும் அடிக்கவேண்டும். சேரியில் சாவு என்றால் மேலத்தெருவில் ஒரு வேலையும் நிற்காது. யார் சாவு ஊர்ச்சாவு, யார் சாவு வெறும் சாவு என்கிற கணக்கை நான் படித்தது கல்லூரியில் இல்லை, அங்கேதான்.

அரசாங்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 2002இன் இந்தியக் கொடி விதித்தொகுப்புப்படி குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் இறந்தால் நாடு முழுக்கக் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். ஆளுநர், முதலமைச்சர் என்றால் அந்த மாநிலம் முழுக்க. மாநில அமைச்சர் என்றால் மாநிலத் தலைநகரில் மட்டும். துக்கத்துக்கும் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள்.

இது சாதிக்கணக்கு இல்லை, பதவிக்கணக்கு என்பார்கள். சரி, பதவியையே பேசுவோம். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அவர் வகித்ததும் அரசியல் சட்டம் தந்த பதவிதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்காகவே செத்தார். கொடி இறங்கும் பட்டியலில் அந்த நாற்காலி இல்லை.

அப்படியானால் எங்கள் சாவுக்கும் கொடியை இறக்கு என்று கேட்கலாமா? கேட்கத்தான் நினைத்தேன். அதே விதியில் இன்னொரு வரி என்னை நிறுத்தியது. அரைக்கம்பத்தில் பறக்கவிடுமுன் கொடியை ஒரு கணம் உச்சிவரை ஏற்றவேண்டும். பிறகுதான் பாதிக்கு இறக்கவேண்டும். ஏற்றாததை இறக்க முடியாது. உசுரோடு இருக்கையில் மதிக்காத ஒருவருக்குச் செத்தபின் காட்டுகிற மரியாதை துக்கமாகாது, சடங்குதான். சடங்கைக் கேட்டு வாங்குவதில் எங்களுக்கு என்ன விடுதலை?

ஏற்றுகிற லட்சணத்தைப் பாருங்கள். ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதில் சாதிப் பாகுபாடு கூடாதென்று 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதவேண்டி வந்தது. சுதந்திரம் வந்து 75 வருஷம் கழித்து! கயிற்றைத் தொடவே விடாத கை ஓய்ந்துபோனால் அதற்காகக் கயிறு எப்படி இறங்கும்?

ஆகவே நான் அரைக்கம்பம் கேட்கவில்லை. முழுக்கம்பம் கேட்கிறேன். சேரியில் பிறந்த தலைவி உசுரோட, தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, தன் கையால கொடியை உச்சிக்கு ஏத்தட்டும். மேலத்தெருவும் எந்திரிச்சு நின்னு பாக்கட்டும். அதுக்கப்புறம், யார் சாவுக்கு எவ்வளவு தூரம் இறக்குவது என்று எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம்.