‘எங்ககிட்ட வரலையே சார்!’

ராத்திரி ஒன்பது மணி. சென்னை - திருச்சி நெடுஞ்சாலை. உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டி ஒரு மேம்பால இறக்கம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு புத்தம்புது மோட்டார் சைக்கிளின் இன்ஜின் பொசுக்கென்று அடங்கிவிடுகிறது. விளக்கு எரிகிறது. மீட்டர் மினுங்குகிறது. உயிர் மட்டும் இல்லை.

ஓட்டிக்கொண்டிருந்தவன் என் தங்கை மகன். பின்னால் அவன் மனைவி. அவளுக்கும் பின்னால் ஒரு லாரி.

லாரிக்காரர் ஹாரனை அலறவிட்டு, ஸ்டீயரிங்கை ஒடித்துத் தப்பவைத்தார். அவர் நல்லா இருக்கட்டும். அவருக்கு அன்று தூக்கம் வந்திருந்தால், நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

“இறங்கி ஓரமாத் தள்ளி நிறுத்தினேன் மாமா. அஞ்சு நிமிஷம் கழிச்சு சும்மா பட்டனை அமுக்கிப் பார்த்தேன். ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆயிடுச்சு!”

இரண்டு வருஷம் காசு சேர்த்து, மீதிக்கு லோன் போட்டு அவன் வாங்கிய வண்டி அது. தினமும் ஆபீஸ் போய்வர அல்ல, ஊர் சுற்ற. உயரமான ஹேண்டில்பார், நீளமான சீட், இரண்டு பக்கமும் பெட்டி மாட்ட வசதி என்று நெடும்பயணத்துக்காகவே செய்த ரகம். முதலில் தனுஷ்கோடி, அப்புறம் வால்பாறை, என்றைக்காவது ஒருநாள் லடாக். டூரிங் வண்டி வாங்குகிறவர்கள் வண்டியை வாங்குவதில்லை. இன்னும் போகாத ஊர்களை வாங்குகிறார்கள்.

மறுவாரமே சர்வீஸ் சென்டருக்குப் போனான்.

“பெட்ரோல் சரியில்லை சார். நல்ல பங்க்ல போடுங்க” என்றார்கள். மாற்றிப் போட்டான். இரண்டு வாரத்தில் மறுபடி நின்றது.

இரண்டாவது முறை, கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்து, “சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணியாச்சு, இனிமே வராது” என்றார்கள். வந்தது.

மூன்றாவது முறை வண்டியை இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் அந்த வாசகத்தைச் சொன்னார்கள்: “20 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தோம். எங்ககிட்ட வரலையே சார்!”

“என் வொய்ஃப் பின்னாடி உட்கார்ந்து லாங் போறப்பதான் நிக்குது” என்று இவன் விளக்கியிருக்கிறான். கவுன்ட்டரில் இருந்தவர் சிரித்தாராம். “அப்ப பிரச்னை வண்டியில இல்ல சார்!” சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்களாம்.

அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வருகிறேன்.

உங்களிடம் ஒரு கேள்வி. இந்தக் கதையில் தப்பு எங்கே நடந்தது?

வண்டி நின்றது தப்பா? இல்லை. மனிதன் செய்த பொருள் எதுவும் பழுதாகும். 2021 மே மாதம், நம்ம ஊர் திருவொற்றியூரில் வேர்விட்டு வளர்ந்த ராயல் என்ஃபீல்டு, இக்னிஷன் காயிலில் கோளாறு வரலாம் என்று தானாகவே அறிவித்து 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ‘எங்கள் பொருளில் குறை இருக்கிறது, கொண்டு வாருங்கள்’ என்று சொல்வது அவமானம் இல்லை, கடமை. பழுது ஒரு சம்பவம், அவ்வளவுதான்.

ஆனால், ‘பழுதே இல்லை’ என்று சொல்வது சம்பவம் இல்லை. அது ஒரு தீர்ப்பு. ‘நீ சொல்வதை நான் நம்பவில்லை’ என்ற தீர்ப்பு.

மூன்றாவது முறைக்குப் பிறகு என் தங்கை மகன் சொன்னது இது: “எனக்கே டவுட்டா இருக்கு மாமா. நான்தான் கிளட்சை ஏதாச்சும் தப்பாப் பிடிக்கிறேனோ?” பத்து வருஷமாக வண்டி ஓட்டுகிறவன்! வண்டி நின்றது நாலைந்து தடவைதான். அவனுக்கு அவன் மேலேயே இருந்த நம்பிக்கை மொத்தமாக நின்றுவிட்டது.

டாக்டரிடம் போய் நெஞ்சு வலி என்று சொல்லி, ஈ.சி.ஜி. நார்மல் என்று வந்ததும், “உங்களுக்கு ஒண்ணுமில்லை, சும்மா மனசுதான்” என்று அனுப்பப்பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். வலியைவிட அந்த வார்த்தை அதிகம் வலிக்கும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்?

கொஞ்சம் பொறுங்கள். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கமும் போய் நின்று பார்க்கலாம்.

அங்கே நிற்பவர் வில்லன் இல்லை. காலையில் வந்து வரிசையில் நிற்கும் வண்டிகளைச் சாயங்காலத்துக்குள் கழுவித் துடைத்துத் திருப்பித் தரவேண்டிய சம்பளக்காரர். வாரன்ட்டியில் ஒரு பாகத்தை மாற்றவேண்டும் என்றால், அவர் கம்பெனிக்குக் காரணம் காட்டவேண்டும். ‘கஸ்டமர் சொன்னார்’ என்பது காரணம் ஆகாது. கோளாறு அவர் கண்ணெதிரே வரவேண்டும். வராத கோளாறுக்குப் பாகம் மாற்றினால், அந்தப் பணம் டீலர் தலையில் விழலாம். டீலர் கம்பெனியைக் காட்டுவார், கம்பெனி டீலரைக் காட்டும். நடுவில் நிற்பவருக்குக் கைவசம் இருக்கும் ஒரே வாசகம், ‘எங்ககிட்ட வரலையே சார்!’

இன்னொன்று. கஸ்டமர்களும் பொய் சொல்கிறார்கள். கீழே போட்டு உடைத்துவிட்டு, “தானா உடைஞ்சிருச்சு” என்று வருகிறவர்களை அவர் தினமும் பார்க்கிறார்.

வேறு யாரோ எதற்கு? என் தங்கை மகனே சொன்னான். வெளிக்கடை ஒன்றில் வண்டிக்கு இரண்டு ஃபாக் லைட் மாட்டியிருக்கிறான். ஒயரிங்கில் வெளியாள் கை வைத்தால் வாரன்ட்டி போய்விடுமே என்ற பயம். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் முதல் நாள் ராத்திரியே லைட்டுகளைக் கழற்றி வைத்துவிடுவான். “வெளியில ஏதாவது ஒயரிங் வேலை பண்ணீங்களா சார்?” என்று அவர்கள் கேட்டார்கள். “சேச்சே, இல்லையே!” என்று இவன் சொன்னான்.

ஆக, அவர்கள் இவனை நம்பவில்லை. இவனும் அவர்களை நம்பவில்லை. இரண்டு அவநம்பிக்கைகளுக்கு நடுவில் ஒரு வண்டி, அதன் பின்சீட்டில் ஒரு பெண். அவள் யாரிடமும் எந்தப் பொய்யும் சொல்லவில்லை.

நாலாவது முறை பெரம்பலூர் பக்கத்தில் நின்றது. இந்த முறை ஆசாமி வெறுத்துப்போய், திருச்சியிலேயே அதே கம்பெனியின் வேறொரு சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டான். அங்கே ஒரு பையன். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். கையில் க்ரீஸ். வண்டியைத் தொடக்கூட இல்லை, முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டானாம்.

“உட்காருங்கண்ணே. எப்ப நிக்குது? மேட்டுலயா, இறக்கத்துலயா? பள்ளத்துல விழுந்து எந்திரிக்கும்போதா? தனியாப் போறப்ப ஒரு தடவையாச்சும் நின்னுருக்கா?”

“இல்லப்பா. பின்னாடி ஆள் இருக்கும்போது மட்டும்தான். லக்கேஜும் இருக்கும்.”

பையன் சிரிக்கவில்லை. யோசித்தான். பிறகு கேட்டான்: “அண்ணே, வெளியில லைட் ஏதாச்சும் மாட்டிருந்தீங்களா? மாட்டிருந்தா சொல்லுங்க, தப்பில்ல. எங்க தேடுறதுன்னு எனக்குத் தெரியணும்ல?”

நாலு மாதமாக மறைத்துவைத்த உண்மையை இவன் ஒரு நொடியில் சொல்லிவிட்டான்.

இன்னொரு மெக்கானிக்கைப் பின்னால் உட்காரவைத்து, பெட்டிகளில் சாமானை ஏற்றி, பையன் நெடுஞ்சாலைக்கு வண்டியை ஓட்டிப் போனான். அரை மணி நேரத்தில் வண்டி நின்றது. முதல்முறையாக ‘அவர்களிடம்’ வந்துவிட்டது!

காரணம் என்ன தெரியுமா? சைடு ஸ்டாண்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஸ்டாண்டை எடுக்காமல் கியர் போட்டால், ஓட்டுபவர் விழுந்துவிடக்கூடாது என்று இன்ஜினை அது நிறுத்திவிடும். அந்த சுவிட்சின் ஒயர் இருக்கவேண்டிய இடத்திலிருந்து நழுவி, ஃபிரேமை ஒட்டி விறைப்பாக இழுபட்டுக் கிடந்தது. தனியாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது. பின்னால் ஆளும் சாமானும் ஏறி, பின்பக்கம் அமுங்கி, ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஒயர் இழுபட்டுத் தொடர்பு அறுந்துபோகும். ‘ஸ்டாண்ட் கீழே இருக்கிறது’ என்று நினைத்து வண்டி தன் உயிரைத் தானே நிறுத்திக்கொள்ளும். இருவரும் இறங்கினால் பாரம் குறையும்; ஒயர் மறுபடி ஒட்டிக்கொள்ளும்; வண்டி சாதுவாக ஸ்டார்ட் ஆகும்.

அந்தக் கவுன்ட்டரில் சிரித்தார்களே, ‘பின்னாடி மனைவி உட்கார்ந்தால் நிற்கிறது’ என்றதும்? அதுதான் நோய்க்கான முழு விளக்கம். ஜோக் என்று நினைத்துக் கீழே போட்டுவிட்டார்கள்.

ஒயரை ஒழுங்கான பாதையில் விட்டு, ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டினான் பையன். வேலை முடிந்தது.

“இது கம்பெனியிலயே இப்படி வந்துச்சா, லைட் மாட்டுனவர் இழுத்து விட்டுட்டாரா?” என்று இவன் தயங்கிக் கேட்டிருக்கிறான்.

“தெரியலண்ணே. எதுவா இருந்தாலும் நிக்கிற வண்டியில நீங்க அண்ணியைக் கூட்டிட்டுப் போகக்கூடாதுல்ல?”

அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பிர்சிக், 1968-ல் தன் மகனுடன் மோட்டார் சைக்கிளில் செய்த நெடும்பயணத்தை வைத்து 1974-ல் ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதிலும் இப்படி ஒரு சம்பவம். சூடேறி இறுகிப்போன இன்ஜினோடு ஒரு கடைக்குப் போகிறார். ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு வேலை பார்க்கும் பையன்கள் வண்டியைக் குதறிவைக்கிறார்கள். கடைசியில் அவரே கண்டுபிடித்த காரணம், 25 சென்ட் பெறுமானமுள்ள ஒரு சின்ன பின். அந்தப் பையன்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை; அக்கறைதான் இல்லை என்கிறார் அவர். தங்கள் வேலையைத் தாங்களே வேடிக்கை பார்ப்பவர்கள்போல் இருந்தார்களாம்.

நான் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வேன். அக்கறையின் முதல் படி, எதிராளி சொல்வதை நம்புவது.

“எல்லாரையும் நம்பினா ஏமாந்துபோயிட மாட்டோமா?” என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். நானும் அதை யோசித்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த திருச்சிப் பையன் நம்பி ஏமாந்திருந்தால் அவனுக்கு நஷ்டம் ஒரு மணி நேரம், கொஞ்சம் பெட்ரோல். சென்னைக்காரர் நம்பாமல் விட்டதில் நஷ்டம் வந்திருந்தால் ஓர் உயிர். அதுவும் அவருடைய உயிர் இல்லை. நம்பலாமா வேண்டாமா என்று தடுமாற்றம் வரும்போது, நாம் சந்தேகப்படுவது தப்பாகிப்போனால் யார் தலையில் விடியும் என்று பார்க்கவேண்டும். விலை கொடுக்கப்போவது அவர் என்றால், அவர் பேச்சைத்தான் முதலில் நம்பவேண்டும். சோதனை அப்புறம்.

நம்பினால் இன்னொரு லாபமும் உண்டு. உண்மை வெளியே வரும். ஃபாக் லைட் விஷயம் போலீஸ்காரர் மாதிரி விசாரித்தபோது வரவில்லை. ஸ்டூல் போட்டு உட்காரவைத்துக் கேட்டபோது வந்தது. நாம் சந்தேகப்பட்டே பலரைப் பொய்யர்களாக ஆக்கிவிடுகிறோம்.

வண்டி வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரித்தவர், விற்றவர், சர்வீஸ் செய்தவர் மூவரையும் கேள்வி கேட்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். பேசிப்பார்க்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது. ஆனால், சட்டம் காகிதத்தைக் கேட்கும். ஜாப் கார்டில் அவர்கள் ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். ‘பின்னால் ஆள் இருக்கும்போது, 80 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நிற்கிறது’ என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் நகல் வாங்குங்கள். அப்படியே, நீங்கள் மாட்டிய ஃபாக் லைட்டையும் எழுதச் சொல்லுங்கள்!

இதையெல்லாம் அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

“கிரைண்டர் போட்டா கை ஷாக் அடிக்குதுன்னு ஒரு மாசமா சொல்றேன். நீங்க தொட்டுப் பார்த்துட்டு என்ன சொன்னீங்க?”

என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

‘எனக்கு ஒண்ணும் அடிக்கலையே!’

நான் தொட்டது செருப்புப் போட்ட காலோடு. அவள் அரைப்பது ஈரத்தரையில், வெறுங்காலோடு.

மறுநாள் காலையில் முதல் வேலையாக எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். எர்த் ஒயர் அறுந்திருந்தது.

உங்கள் வீட்டில், ஆபீஸில், யாரோ ஒருவர் எதையோ ரொம்ப நாளாக உங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார். ‘எனக்கு அப்படித் தெரியலையே’ என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். இன்றைக்கு ஒருமுறை ஸ்டூலை இழுத்துப் போட்டு, “சொல்லு, எப்பல்லாம் அப்படி ஆகுது?” என்று கேட்டுப் பாருங்களேன்.